இல்லாத ஹோட்டல் அறை

அத்தியாயம் 17

போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பணக்காரர்களின் குட்டி விமானத்தை ஓட்டுவது எவ்வளவு சொகுசான வேலை! உங்கள் கதாநாயகி ஏன் எப்போது பார்த்தாலும் மூக்கால் அழுகிறாள்?"

அம்மணி, நம் கதாநாயகி விமானம் ஓட்டுவது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். மிச்ச நேரத்தில் என்ன செய்கிறாள் என்று சொல்கிறேன், கேளுங்கள். பயணியின் நாய் கம்பளத்தில் உதிர்த்த முடியைப் பொறுக்குகிறாள். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். கழிப்பறைத் தொட்டி நிறைந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கிறாள். இதெல்லாம் முடிந்த பிறகு காத்திருக்கிறாள். காத்திருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், தயவுசெய்து இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

நேற்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போனவள், இன்று காலை எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள். அங்கேதான் போன வாரம் விட்டோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தனியார் ஜெட் கம்பெனியில் துணை விமானி. இன்னும் இருபது நாளில் கேப்டன் தேர்வு. வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. வாண்டுவுக்கு நாளைக் காலை எட்டு மணிக்கு டான்சில் ஆபரேஷன். இதே ஆபரேஷன் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது, அம்மா பறந்துவிட்டாள். மயக்க மருந்து கொடுக்கும்வரை அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று வாண்டு பிடிவாதமாக நிற்கிறாள். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்பது நாற்பதுக்குப் போன் அடித்தது.

தம்பி. அதே கம்பெனியில் ரோஸ்டர் மேஜையில் இருக்கிறான். யார் எப்போது எந்த விமானத்தை ஓட்ட வேண்டும் என்று பட்டியல் போடுவது அவன் வேலை. அதை வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டுதான்டா இருந்தேன்."

"கோவப்படாதே. மாடிப்படியில நின்னு என் சொந்த போன்ல பேசறேன். பத்து நிமிஷம் இன்னைக்கு ஒரு மணிக்குக் கிளம்பணுமாம்."

பத்து நிமிஷம் என்பது ஒரு பயணி. கம்பெனிக்குப் பெரிய வாடிக்கையாளர். எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டால் 'பத்து நிமிஷம்' என்று பதில் அனுப்புவார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான் வரும். அவருடைய உண்மையான பெயர் விமானிகள் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

"கிளம்பட்டும், எனக்கென்ன?"

"உன்னையும் கேப்டனையும்தான் போட்டிருக்கு."

"யாருடா போட்டது? பத்தொன்பதரை மணி நேரம் வேலை பாத்துட்டு இப்பதான் வந்து விழுந்திருக்கேன். சட்டப்படி இன்னைக்கு என்னைத் தொடவே கூடாது."

"கம்ப்யூட்டர் போட்டுச்சு. நீ பத்து மணி நேரம் தூங்கினதா அதுல இருக்கு."

"நான் எங்கடா தூங்கினேன்?"

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஹோட்டல்ல. நான்தான் எழுதினேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தலை கிறுகிறுத்தது.

நேற்று நடந்தது இதுதான். மாலை மூன்றரைக்கு அவளும் கேப்டனும் வெளியூர் போய் இறங்கினார்கள். பத்து நிமிஷம் ஆறு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஆறு மணிக்குச் செய்தி வந்தது: பத்து நிமிஷம். ஏழு மணிக்கும் அதே. எட்டுக்கும் அதே. எந்த நிமிஷமும் வந்து நிற்கலாம் என்பதால் ஹோட்டலுக்குப் போக முடியாது. கம்பெனியும் அறை போட்டுத் தராது. ஓய்வுக் கூடத்தை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டார்கள். அவளும் கேப்டனும் விமான நிலைய நடைபாதையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மனிதர் வந்து சேர்ந்தது விடியற்காலை நாலு மணிக்கு. வந்ததும் கேட்டார், "ரெடியா?"

"எதுக்குடா அப்படி எழுதினே?"

"வாண்டுவுக்காகத்தான். வேலை நேரம் வரம்பு தாண்டினா விசாரணை. மறுநாள் காலையில எட்டு மணிக்கு நேர்ல போய் விளக்கம் கொடுக்கணும். நாளைக்கு எட்டு மணிக்கு நீ எங்க இருக்கணும், சொல்லு. அதான் சாயங்காலம் அஞ்சுலேர்ந்து விடிகாலை மூணு மணி வரைக்கும் ஹோட்டல்ல ஓய்வுன்னு போட்டேன். அப்படிப் போட்டா வேலை மூணு மணிக்குத்தான் புதுசா ஆரம்பிச்ச மாதிரி ஆகும், வரம்பே தாண்டாது. நல்லதுதானேன்னு நினைச்சேன்."

"நினைச்சியா?"

"பத்து நிமிஷம் இன்னைக்கே மறுபடியும் கிளம்புவார்னு நான் கனவா கண்டேன்? இப்ப கணக்குப்படி உனக்குச் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பறக்க நேரம் இருக்கு. அனுபவமுள்ள மத்தவங்க யாருக்கும் இல்லை."

தம்பிக்கு உதவி செய்யும் குணம் பிறவியிலேயே உண்டு. யோசிக்கும் குணம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"நானாவது பதிவுல கையெழுத்துப் போடும்போது பாத்திருக்கணும்" என்றாள் அவள். உண்மைதான். காலை ஏழரைக்கு, கண் எரிய, டேப்லெட்டில் எங்கே தட்டச் சொன்னதோ அங்கே தட்டிவிட்டு வந்திருந்தாள். கேப்டனும் அப்படித்தான் தட்டினார்.

"சோர்வா இருக்கு, ஓட்ட மாட்டேன்னு சொல்லிடறேன்."

"ஐயோ, சோர்வுங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது! சோர்வுன்னு சொன்னா, ஏன் சோர்வுன்னு பதிவை எடுத்துப் பாப்பாங்க. எந்த ஹோட்டல், ரசீது எங்கேன்னு கேப்பாங்க. என் வேலை போயிடும். உன் தேர்வும் போயிடும். வயித்து வலின்னு சொல்லிடு. வயித்து வலிக்கு யாரும் எதையும் எடுத்துப் பாக்கமாட்டாங்க."

இந்தத் தொழிலில் நம் கதாநாயகிக்குப் பதினோரு வருஷ அனுபவம். பதினோரு வருஷமும் அவளுக்கு எரிச்சல் மூட்டிய விஷயம் இது. வயிறு வலிக்கலாம், பல் வலிக்கலாம், தூக்கம் மட்டும் வரக்கூடாது.

அவள் கம்பெனி எண்ணைக் கூப்பிட்டு, வயிற்று வலி என்றாள். தம்பியின் மேஜையில் இருந்த இன்னொருவர், "அப்படியா மேடம், உடம்பைப் பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

சமையலறை வாசலில் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வாண்டுவை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவதற்காக இன்று கடையைத் திறக்கவில்லை.

"யாருக்கு வயித்து வலி?"

"எனக்கு."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து."

அவர் புரிந்துகொண்டார். பத்து வருஷமாகக் கூடவே இருக்கிறவர், புரியாமல் என்ன. "அப்ப நாளைக்கு நீ இருக்கே?"

"இருக்கேன்."

"எழுதிக் கொடுக்கறியா? உன் பொண்ணு கேக்கறா."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

பன்னிரண்டு இருபதுக்கு விழித்தபோது போனில் கேப்டனின் செய்தி இருந்தது. 'வயிறு எப்படி இருக்கு? சுடுதண்ணி குடி. நான் பார்த்துக்கறேன். என்கூடப் புதுசா சேர்ந்த துணை விமானியைப் போட்டிருக்காங்க.'

இரண்டு தடவை படித்தாள். அப்புறம்தான் உறைத்தது. இரும்பு நாற்காலியில் அவளோடு உட்கார்ந்திருந்த இன்னொரு மனிதரை, காலையிலிருந்து அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பி எழுதிய அந்த ஹோட்டல் அறை அவருக்கும் சேர்த்துத்தான்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. இன்று விடியற்காலை திரும்பி வரும்போது கட்டுப்பாட்டு அறை அவர்களை மூன்று தடவை கூப்பிட்டது. இரண்டு தடவை அவர் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் கண் திறந்தபடியே இருக்கிறார், ஆள் அங்கே இல்லை. அவள் தோளைத் தட்டினாள். அரை மணி கழித்து அவள் பறக்க வேண்டிய உயரத்தில் ஒரு எண்ணை மாற்றிப் படித்தாள், அவர் திருத்தினார். ஒருவரை ஒருவர் எழுப்பிவிட்டுக்கொண்டே வந்து இறங்கினார்கள். கூட இருந்தவள் பழகியவள் என்பதால் கூச்சமில்லாமல் தட்டினாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒருத்தர் கேப்டனின் தோளைத் தட்டுவாரா?

கேப்டனைக் கூப்பிட்டாள். பின்னால் விமானத்தின் கம்பளத்தில் வாக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"வேற என்னம்மா பண்றது? ரெண்டு காபி குடிச்சாச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

"காலையில எப்படி இருந்தீங்கன்னு நான் பாத்தேன் சார்."

வாக்குவம் கிளீனர் நின்றது.

"நீயும்தான் இருந்தே."

"அதனாலதான் வரமாட்டேன்னு சொன்னேன்."

"நீ எங்கம்மா அப்படிச் சொன்னே? வயித்து வலின்னு சொன்னே." அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. "உனக்கு வயித்து வலி, அடுத்த அரை மணி நேரத்துல எனக்குத் தலைவலின்னா அவங்க என்ன முட்டாளா? இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு தடவை சோர்வுன்னு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாசம் பட்டியல்ல என் பேரே இல்லை. வீட்ல உட்காந்திருந்தேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு, என்னை விடு."

அவருக்கென்று இருந்த ஒரே சாக்கை அவள் காலையிலேயே எடுத்துச் செலவழித்துவிட்டாள்.

"அப்புறம் பாரு அதிசயத்தை" என்றார் கேப்டன். "பத்து நிமிஷம் இன்னைக்குன்னு பாத்து, சொன்ன நேரத்துக்கு வந்துட்டார். வாசல்ல கார் நிக்குது. வைக்கறேன்."

தம்பியின் சொந்த எண்ணைக் கூப்பிட்டாள். எடுத்தவுடனே அவன் ஆரம்பித்தான்.

"எல்லாம் சரியாயிடுச்சுக்கா, நிம்மதியா தூங்கு."

"கேப்டனை நிறுத்து."

"என்னன்னு சொல்லி நிறுத்துவேன்?"

"உண்மையைச் சொல்லி நிறுத்து."

"ரெண்டு மணி நேரம்க்கா. மூணு மணிக்கு இறங்கிடுவாங்க. அவர் முப்பது வருஷமா ஓட்டறவர். ஒண்ணும் ஆகாது."

"ஆயிட்டா?"

"ஏன்க்கா அபசகுனமா பேசறே? மேஜையில கூப்பிடறாங்க, நான் போகணும்." வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

அவள் கூடத்துக்கு வந்தாள். வாண்டு தரையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையில் பொம்மைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பால்கனிக்குக் கூப்பிட்டு, நாலே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"விமானத்தைக் கிளம்பாம நிறுத்த ஒரு வழிதான் இருக்கு. கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பாதுகாப்புப் புகார் கொடுக்கணும். அது பதிவாகற லைன். புகாரை எழுதிட்டா, தலைமை விமானி பாத்து முடிவு பண்ற வரைக்கும் விமானம் நகரக்கூடாது."

"அப்ப உன் தம்பி வேலை?"

"போயிடும்."

"உன் தேர்வு?"

"தெரியலை. பொய்ப் பதிவுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நாளைக்குக் காலையில?"

"விசாரணை. எட்டு மணிக்கு."

அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தார். நல்ல மனிதர். குரலை உயர்த்தாதவர். ஆனால் நல்ல மனிதர்களுக்கும் ஒரு அளவு உண்டு.

"மூணாவது தடவை" என்றார். "முதல் தடவை அவ அழுதா. ரெண்டாவது தடவை அழக்கூட இல்லை, பையைப் பிரிச்சுத் துணியை எடுத்து அலமாரியில வெச்சா. நான் பாத்துட்டு நின்னேன். அந்தக் கம்பெனியில அத்தனை பேர் இருக்காங்க. சரியா நடந்துக்கற வேலை உனக்கு மட்டும்தான் கொடுத்திருக்காங்களா?"

"நான் சரியா நடந்துக்கலையே. காலையில பொய் சொன்னேன். அதனாலதான் அவர் தனியா மாட்டிக்கிட்டார்."

"சரி, பேசு. யார் வேண்டாம்னாங்க? ஆனா குழந்தைகிட்ட நீயே சொல்லிக்கோ. இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன்."

உள்ளே போய்விட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரம் இல்லை என்பதும் தெரிந்தது. பன்னிரண்டு ஐம்பது. பயணி சொன்ன நேரத்துக்கு வந்த ஒரே நாளில், எல்லாமே நேரத்துக்கு நடக்கும்போல் இருந்தது.

கம்பெனி எண்ணை அழுத்தினாள். காலையில் பேசியவரே எடுத்தால் தேவலை என்று நினைத்தாள். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

"ஆபரேஷன்ஸ், வணக்கம். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. சொல்லுங்க."

தம்பி.

"ஒரு பாதுகாப்புப் புகார் கொடுக்கணும்."

கம்பெனி லைனில் அவன் எப்போதும் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவான். மற்ற விமானிகள் தப்பாக நினைக்கக்கூடாது என்று அவளே கற்றுக்கொடுத்தது.

"மேடம், உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு இருக்கு. நீங்க ஓய்வெடுங்களேன். புகாரை நாளைக்குக்கூட..."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. காலையில நான் சொன்னது பொய். முதல்ல அதை எழுதிக்கோ."

கீபோர்டு சத்தம் கேட்கவில்லை.

"எழுதறியா?"

"எழுதறேன், மேடம்."

"ஒரு மணிக்குக் கிளம்பற விமானத்தோட கேப்டன் நேத்து ராத்திரி பூரா தூங்கலை. நானும் தூங்கலை. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருந்தோம்."

கீபோர்டு மெதுவாகத் தட்ட ஆரம்பித்தது.

"ஓய்வெடுத்த இடம்?" படிவத்தில் இருப்பதை அப்படியே வாசித்தான்.

"ஓய்வே எடுக்கலை. நடைபாதையில நாற்காலியில உட்கார்ந்திருந்தோம்."

"பதிவுல ஹோட்டல்னு இருக்கே, மேடம்."

"அது பொய்."

"கையெழுத்து?"

"கேப்டனோடதும் என்னோடதும். நான் படிக்காம போட்டேன். அது என் தப்பு."

அடுத்த கேள்வி என்னவென்று இருவருக்கும் தெரியும். அதை அவன் கேட்காமல் விட்டிருக்கலாம். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அப்புறம் மறந்துபோனது என்று சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லிச் சமாளிக்கிறவன்தான் அவன்.

"பதிவு செய்தவர் யார், மேடம்?"

"நீதான்டா."

சொல்லிவிட்டாள். கீபோர்டு நின்றது. பிறகு இரண்டு மூன்று தட்டு. ரிசீவரை மேஜைமேல் வைக்கும் சத்தம். கொஞ்சம் தள்ளி, வாக்கி-டாக்கியின் கரகரப்பு.

"கேப்டன் சார், விமானத்தை எடுக்காதீங்க. புகார் வந்திருக்கு."

"என்னப்பா இது, கதவைச் சாத்தியாச்சு. யார் கொடுத்தது?"

"அக்கா" என்றான் தம்பி.

அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். கேப்டன், "சரி, கதவைத் திறக்கறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபமா நிம்மதியா என்று போனில் கேட்ட அவளுக்குப் புரியவில்லை.

தம்பி மறுபடியும் லைனுக்கு வந்தான்.

"புகார் பதிவாயிடுச்சு, மேடம். விதிப்படி நீங்க நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நேர்ல வந்து விளக்கம் கொடுக்கணும்."

அவள் கூடத்தைப் பார்த்தாள். வாண்டு பையின் ஜிப்பை இழுத்து மூட முடியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி. விமானம் நகரக்கூடாது என்று சொல்ல முடிந்தவளுக்கு, தான் நகரமாட்டேன் என்று சொல்ல இத்தனை வருஷம் ஏன் தோன்றவில்லை? நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"வரமாட்டேன்."

"மேடம்?"

"எட்டு மணிக்கு வரமாட்டேன். என் பொண்ணுக்கு ஆபரேஷன். அது முடிஞ்சு, அவ கண்ணைத் திறந்து பாத்த பிறகு வரேன். எழுதிக்கோ."

"விசாரணைக்கு வரலைன்னா கேப்டன் தேர்வுக்கு அனுமதி கிடையாதுன்னு விதி இருக்கு."

"அதையும் சேர்த்து எழுதிக்கோ."

அவன் எழுதினான். அவன் பக்கத்தில் இன்னொரு போன் அடித்தது. எடுத்தான், எழுந்து நின்றிருப்பான்போல, நாற்காலி நகர்ந்தது. "சார்... சரி சார்... இருக்காங்க சார்" என்றான். பிறகு ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தான். மேடம் எல்லாம் மறந்துபோயிருந்தது.

"அக்கா, தலைமை விமானி லைன்ல இருக்கார். பயங்கரக் கோவத்துல இருக்கார். உன்கிட்டதான் பேசணுமாம். நீ மாத்திரை போட்டுட்டுத் தூங்கிட்டேன்னு சொல்லிடவா?"

"வேண்டாம்" என்றாள் அக்கா. "குடு."